பணம் கட்டினால் கௌரவ டாக்டர் பட்டமா?

"ஆசிரியப் பணியில் ஓய்வுபெற்ற பட்டதாரிகளுக்குச் சேவைக்காக கௌரவ டாக்டர் பட்டம், யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் உண்டு, பதிவுக் கட்டணம் மட்டும் போதும்" என்ற செய்தி தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

1956 யூஜிசி சட்டத்தின் 22வது பிரிவுப்படி, மத்திய, மாநிலச் சட்டங்களால் அமைந்த பல்கலைக்கழகங்களும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனங்களும்தான் பட்டம் வழங்கலாம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் (1981), திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம் (1982) எல்லாம் அப்படிச் சட்டத்தால் வந்தவை. கௌரவப் பட்டத்துக்கு உரியவரைப் பல்கலைக்கழகமே தேர்ந்தெடுக்கும். கட்டணம் கேட்டாலே சந்தேகப்படலாம்.

பணம் வாங்கிப் பட்டம் தருபவர்கள் நீட்டுவது பெரும்பாலும் ஐஎஸ்ஓ தரச் சான்றிதழும் அறக்கட்டளைப் பதிவு எண்ணும்தான். அறக்கட்டளையை யார் வேண்டுமானாலும் பதியலாம். அதனால் பட்டம் தரும் அதிகாரம் வந்துவிடாது. கல்லூரி அரங்கில் விழா என்பதும் சான்றல்ல, அரங்கம் வாடகைக்குக் கிடைக்கும்.

யூஜிசி இணையதளத்தில் பல்கலைக்கழகப் பட்டியல், போலிகளின் பட்டியல் என இரண்டும் உள்ளன. போலிப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் நல்லது என்று நினைத்துவிடுகிறார்கள். முதல் பட்டியலில் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

பணம் அனுப்பியவர்கள் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.