சைகை பார்த்தவுடன் புரிந்துவிடாது

"காது கேளாதவர்களின் சைகை மொழி கையால் படம் காட்டுவதுதானே, அதனால் உலகம் முழுக்க ஒன்றுதான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பல சைகைகள் பொருளின் சாயலில் இருப்பது உண்மைதான். அதிலிருந்து எடுத்த முடிவுதான் தப்பு.

மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கச் சைகை மொழியில் ஒரு முன்கையை நிமிர்த்தி, முழங்கையை மறு புறங்கையில் ஊன்றி, விரித்த விரல்களை அசைப்பார்கள். டென்மார்க்கில் இரண்டு கைகளாலும் கிளைப்பரப்பை வட்டமாக வரைந்து அப்படியே அடிமரத்துக்கு இறங்குவார்கள். சீனச் சைகையில் அடிமரத்தை வளைத்துப் பிடித்தாற்போல் இரு கைகளையும் மேலே கொண்டுபோவார்கள். மூன்றிலும் மரம் தெரிகிறது, மூன்றும் வேறு வேறு.

பொருளைச் சொன்ன பிறகு "அட, ஆமாம்ல" என்று தோன்றும். சொல்லாமல் கேட்டால் கதை வேறு. 1970களில் கிளீமா, பெலூஜி என்ற இரு மொழி ஆய்வாளர்கள் சைகை தெரியாதவர்களிடம் 90 அமெரிக்கச் சைகைகளைக் காட்டினார்கள். பெரும்பாலானவற்றின் பொருளை ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை.

சாயல் தேய்ந்தும் போகும். அமெரிக்கச் சைகையில் 'வீடு' முன்பு 'சாப்பிடு', 'தூங்கு' இரண்டும் சேர்ந்தது: குவித்த விரல்கள் வாயருகே, பிறகு விரித்த உள்ளங்கை கன்னத்தில். இன்று குவித்த விரல்களே வாயருகிலும் கன்னத்திலும் தொட்டுவிட்டுப் போகின்றன. இதில் சாப்பாடும் தூக்கமும் யார் கண்ணுக்குத் தெரியும்?

அப்புறம், பிரிட்டனின் சைகை மொழி அமெரிக்கருக்குப் புரியாது, இரு நாட்டிலும் ஆங்கிலம் பேசினாலும். 1817இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் காது கேளாதோர் பள்ளி தொடங்கியபோது பாரிசிலிருந்து வந்த ஆசிரியர் லோரான் கிளெர்க் கற்பித்ததால், அமெரிக்கச் சைகைக்கு நெருங்கிய உறவு பிரெஞ்சுச் சைகைதான்.