அவ "ங்கா"ன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?

பாப்பாவுக்கு நாலு மாசம் இருக்கும். டயப்பர் மாத்த படுக்க வச்சிருக்கேன், ஒரு கையில வைப்ஸ், பக்கத்துல போன்ல ஏதோ வீடியோ ஓடுது. அவ "ங்கா"ன்னா. நான் கண்டுக்கல. காலை உதைச்சுக்கிட்டு மறுபடியும் கொஞ்சம் சத்தமா "ங்ங்கா"ன்னா, அப்பவும் நான் ஸ்க்ரீனைத்தான் பாத்துட்டு இருந்தேன். மூணாவது தடவை சத்தமே வரல, தலையத் திருப்பி சுவத்தப் பாக்க ஆரம்பிச்சுட்டா.

எட்வர்ட் ட்ரானிக்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1970கள்ல பண்ண சோதனையப் பத்தி அப்புறமாத்தான் படிச்சேன். அம்மா குழந்தையக் கொஞ்சி விளையாடிட்டு இருக்கும்போதே, திடீர்னு பேச்ச நிறுத்திட்டு முகத்த கல்லு மாதிரி வச்சுக்கணும், கொஞ்ச நேரம்தான். குழந்தை சிரிச்சுப் பாக்கும், கைய நீட்டும், கத்தும், ஒண்ணும் நடக்கலன்னா முகத்த திருப்பிக்கும். அடப்பாவி, இத நான் தினம் அஞ்சு வேளை வீட்லயே நடத்திட்டு இருந்திருக்கேன்!

பொறக்கும்போது மூளை பெரியவங்க மூளையில சுமார் கால்வாசி எடைதான். முதல் சில வருஷத்துல ஒரு செகண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேல நரம்பு இணைப்பு உருவாகுதுங்கறாங்க, அதுல அடிக்கடி யூஸ் ஆகறது பலமாகும், யூஸ் ஆகாதத மூளையே வெட்டி விட்டுடும். அவ "ங்கா"ங்கறதும் நான் "அப்படியாடா தங்கம்?"ங்கறதும் அந்த யூஸ்தான்.

ஆனா நாம என்ன பண்றோம், "ப்ரெயின் டெவலப்மென்ட்"னு அட்டையில பெருசா போட்டிருந்தா வாங்கிட்டு வந்துடறோம், இல்லன்னா யூட்யூப்ப போட்டு விட்டுடறோம். குழந்தைங்க மொழி கத்துக்கறதப் பத்தி ஆராயற பட்ரீசியா குல் குழுவோட ஒரு ஆய்வு 2003ல வந்துச்சு. ஒன்பது மாச அமெரிக்கக் குழந்தைங்களுக்கு நேர்ல ஒரு ஆள் மாண்டரின்ல (சீன மொழி) பேசி விளையாடினப்போ அந்த மொழியோட ஒலிய பிரிச்சுக் கண்டுபிடிச்சாங்க. அதையே டிவியில போட்டுக் காட்டினப்போ ஒண்ணும் ஏறல. ஒரு வயசுக்குள்ள ஸ்க்ரீனே வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லிடுச்சு.

பேசறதவிட கஷ்டம் காத்திருக்கறதுதான். நாம மூச்சு விடாம "செல்லம் பட்டு"ன்னு கொட்டிட்டே போறோம், அதுக்கு பேச சான்ஸே குடுக்கறதில்ல. பொறந்த குழந்தைக்கு 20-30 செ.மீ. தூரந்தான் ஓரளவு தெளிவாத் தெரியும், கையில ஏந்தினா நம்ம முகம் இருக்கற தூரம். அங்க வச்சு ஒரு வார்த்தை சொல்லிட்டு மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணுங்க. வாயக் கோணும், புருவத்த தூக்கும், எச்சில் ஒழுகும், அப்புறம் மெதுவா ஒரு சத்தம் வரும் பாருங்க.

தூக்கத்தையும் விட்றாதீங்க. 4-11 மாசத்துல பகல் தூக்கத்தோட சேத்து 12லேருந்து 16 மணி நேரம் வேணும், எழுப்பி உக்கார வச்சு படம் போட்ட கார்டு காட்டறதெல்லாம் கொடுமைங்க.

இத படிச்சுட்டு தூக்கமில்லாத அம்மாக்கள் யாரும் குத்த உணர்ச்சில விழ வேணாம். நல்லாப் பாத்துக்கறவங்களே நிறைய தடவ தவறவிடுவாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு திரும்பி வந்து பேசினாலும் குழந்தை ஏத்துக்கும்னு ட்ரானிக்கே சொல்லியிருக்கார்.

இப்போ டயப்பர் மாத்தும்போது போன் பக்கத்து ரூம்ல. பத்து மாசம் ஆச்சு அவளுக்கு, நான் ஒரு வைப்ஸ் எடுத்தா அவ ஒண்ணு உருவுவா, "நீயும் எடுத்தியா?"ன்னு கேட்டா இன்னொண்ணு உருவுவா. பாக்கெட் ரெண்டு நாள் தாங்க மாட்டேங்குது.