ஆடிக் காற்றும் என் சைக்கிளும்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அதைக்கூட மூச்சு வாங்கி ஏறிவிடலாம். ஆனால் ஆடி மாதத்தில் உடுமலையிலிருந்து பொள்ளாச்சிக்குத் திரும்புவது இருக்கிறதே, அப்பப்பா! போகும்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முதுகைத் தள்ளிவிடும். நாமும் ஏதோ நம் கால் பலம் என்று நினைத்துக்கொள்வோம். திரும்பும்போதுதான் வட்டியும் முதலுமாக வசூல். சமதளச் சாலையில், மலை ஏறுகிற சின்ன கியரில் மிதிக்கிறேன். பக்கத்துத் தோட்டத்துக் காற்றாலை வேறு ஜோராகச் சுற்றுகிறது. இரண்டு மூட்டை புண்ணாக்கோடு மொபட்டில் வந்த பெரியவர் வேகத்தைக் குறைத்து, என் டயரை உற்றுப் பார்த்துவிட்டு அக்கறையாகக் கேட்டார்: “ஏங்கண்ணு, வண்டியில காத்து இல்லீங்களா?”