குளவிக் கூட்டுக்குத் தீ வைக்காதீர்கள்

"இரவில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினால் சரி, குளவி தூங்கிவிடும், கொட்டினாலும் ஒரு தடவைதான்" என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். எல்லாமே பிழை, தயவுசெய்து யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

ஒரு தடவை கொட்டிச் சாவது தேனீ. அதன் கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் இருப்பதால் தோலில் மாட்டிப் பிய்ந்துவிடும். குளவிக்கு அப்படி மாட்டாது, ஒரே குளவி திரும்பத் திரும்பக் கொட்டும், அதுவும் கூட்டைக் கலைத்துவிட்டால் கூட்டமாக வரும். இரவில் வெளியே போனவையும் திரும்பி வந்து கூட்டில்தான் இருக்கும், டோர்ச் அடித்தால் அந்த வெளிச்சத்தை நோக்கியே பறந்து வரும். கூடு என்பது மென்று ஒட்டிய மரநார், காகிதம் மாதிரிப் பற்றும். கச்சான் காற்று வீசுகிற நாளில் நம் மட்டக்களப்புப் பக்கத்துக் கிடுகு வேலிக்குப் பக்கத்தில் அதைக் கொளுத்தினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

வயிற்றில் செம்மஞ்சள் பட்டையுள்ள கறுப்புக் குளவி என்றால் இன்னும் கவனம், அது கொட்டி இலங்கையில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல், கூடு அகற்றிப் பழகியவரைக் கூப்பிடுங்கள். ஆள் புழங்காத மர உச்சியில் இருந்தால் விட்டுவிடலாம், பயிர்ப் புழுக்களையும் பிடிக்கும். கொட்டுப்பட்டவருக்கு முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ சுண்ணாம்பு பூசிக்கொண்டு நிற்காமல் உடனே 1990-க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.