விடையைக் கேட்கும் பிள்ளையும் விடையைக் கொடுக்கும் கருவியும்

கல்வியில் செயற்கை நுண்ணறிவு என்று பேச்செடுத்தாலே, அனுமதிக்கலாமா கூடாதா என்ற பட்டிமன்றத்தில்தான் போய் நிற்கிறோம். நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் சாட்ஜிபிடியைத் தடைசெய்தன. அதே ஆண்டு மே மாதத்தில் அத்தடை விலக்கப்பட்டது. ஆக, இரண்டு அணிக்கும் ஒரே ஆண்டில் சாதகமான தீர்ப்பு கிடைத்துவிட்டது. மாணவர் கேட்டதும் கருவி விடையை நீட்டுகிறதா, யோசிக்க வைக்கிறதா என்பதே என் கவலை.

துருக்கியின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 2023இன் பிற்பகுதியில் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய சோதனையை இதற்காகவே ஊன்றிப் படிக்க வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் மாணவர்கள் அதில் பங்கேற்றனர். ஆசிரியர் கணக்குப் பாடத்தை நடத்தி முடித்ததும், ஒரு பிரிவினர் பாடநூலையும் குறிப்பேட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு பயிற்சிக் கணக்குகளைப் போட்டனர். இரண்டாம் பிரிவினருக்குச் சாட்ஜிபிடி போன்ற ஒரு கருவி தரப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்கும் அதே நுட்பம்தான். ஆனால் விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி அது கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. பயிற்சியில் முதல் பிரிவினரைவிட இரண்டாம் பிரிவினர் 48 சதவீதமும் மூன்றாம் பிரிவினர் 127 சதவீதமும் முன்னேறியிருந்தனர். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோதோ, இரண்டாம் பிரிவினர் கருவியைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினர். அவர்களில் பலர் அதனிடம் நேராக விடையைத்தான் கேட்டிருக்கிறார்கள். நம்மூரில் நோட்ஸைப் பார்த்து எழுதும் பிள்ளைக்குச் சரியான விடையாவது கிடைக்கும். இந்தக் கருவி ஏறத்தாழப் பாதி முறை தவறாகவே சொன்னது. அதைவிடக் கவலை தருவது, தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பதே அம்மாணவர்களுக்குத் தெரியவில்லை என்பது.

மூன்றாம் பிரிவினருக்கு அந்தச் சரிவு ஏற்படவில்லை. ஆனால் அந்தத் தேர்வில் முதல் பிரிவினரைவிடக் கூடுதலாக அவர்கள் சாதித்துவிடவும் இல்லை. 127 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்காட்டி யாராவது விற்பனைக்கு வந்தால் இதையும் கேட்டுவிடுங்கள்.

சரிவைத் தடுத்தது இயந்திரத்தின் சாமர்த்தியம் மட்டுமல்ல. ஒவ்வொரு கணக்குக்கும் சரியான தீர்வு, மாணவர் வழக்கமாகச் செய்யும் பிழை, அப்போது சொல்ல வேண்டிய குறிப்பு ஆகியவை ஆசிரியர்களின் துணையோடு முன்கூட்டியே எழுதி உள்ளிடப்பட்டிருந்தன. அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ் இருந்தால் உள்ளே இரண்டாவது உறுப்பின் குறியை மாற்ற மறந்துவிடுவார்கள் என்பது, ஆண்டுக்கணக்கில் விடைத்தாள் திருத்திய ஆசிரியருக்குத்தான் கைவந்த அறிவு.

அந்த அறிவை எழுதித் தருவதற்கு நேரம் வேண்டும். கணக்கெடுப்புக்கும் தேர்தல் பணிக்கும் போய்வந்து, மிச்ச நேரத்தில் பாடம் நடத்தும் நம் அரசுப் பள்ளி ஆசிரியரிடம் அந்த நேரம் எங்கே இருக்கிறது? தென்கொரியா 2025 மார்ச்சில் செயற்கை நுண்ணறிவுப் பாடநூல்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்து, ஆகஸ்டிலேயே அவற்றைத் துணைக்கருவி நிலைக்கு இறக்கியது. ஆசிரியர்களின் பணிச்சுமையும் அங்கே எழுந்த முறையீடுகளில் ஒன்று. நம் பள்ளிகளுக்கு இத்தகைய மென்பொருளை வாங்கும்போது, உரிமக் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே ஆசிரியரின் அந்த நேரத்துக்கும் தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பெற்றோர் கூட்டத்தில் நாம் கேட்க வேண்டும்.