‘அஃபீலியன்’ வந்தால் குளிருமா?

ஜூன், ஜூலை வந்தாலே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும்: ‘அஃபீலியன் தொடங்கிவிட்டது, பூமி சூரியனைவிட்டு 66 சதவீதம் விலகுகிறது, ஆகஸ்ட் வரை குளிரும், சளி பிடிக்கும்.’

தவறு. அஃபீலியன், அதாவது பூமி தன் சுற்றுப்பாதையில் சூரியனைவிட்டு மிகத் தள்ளி இருக்கும் இடம், உண்மைதான்; கணக்குதான் பொய். ஜனவரித் தொடக்கத்தில் சூரியன் 14.7 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கும், ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி. வித்தியாசம் சுமார் 3 சதவீதம்தான். சூரியன் கிட்டே இருக்கும் அதே ஜனவரியில்தான் டெல்லி நடுங்குகிறது, மெல்போர்ன் வெயிலில் காய்கிறது. தூரம்தான் காரணம் என்றால் இரண்டு ஊருமே சேர்ந்தல்லவா சுட வேண்டும்?

பருவம் மாறுவது பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால். ஜூனில் வடபாதி சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும்; அங்கே வெயில் நேராக விழும், பகலும் நீளும். சென்னையில் ஜூன் பகல் டிசம்பர் பகலைவிட ஒன்றரை மணி நேரம் அதிகம். லண்டனிலோ எட்டு மணி நேரத்துக்கும் மேல்!

அப்புறம் அந்தச் சளி? அது வைரஸ் வேலை.