உப்புக் கட்டிய கறி

(ஹூஸ்டன். ஞாயிறு மாலை, வீட்டுக் கொல்லைப்புறம். ஸ்டேக் என்கிற கனமான மாட்டுக்கறித் துண்டுகளைச் சுட மாப்பிள்ளை கரி அடுப்பை மூட்டிக்கொண்டிருக்கிறார். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் 35 வருடம் உழைத்து ஓய்வுபெற்ற மாமா, மகள் வீட்டுக்கு வந்து இது நாலாவது நாள்.)

மாமா: என்ன மாப்பிள்ளை, கறி மொட்டையாக இருக்கிறதே? மஞ்சள், மிளகாய், இஞ்சி பூண்டு ஒன்றையும் காணோம்.

மாப்பிள்ளை: ஸ்டேக்குக்கு உப்பு போதும் மாமா. நேற்று ராத்திரியே தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன்.

மாமா: அதுதானா! காலையில் பால் எடுக்கக் கதவைத் திறந்தவன், மறுபடி வேலைக்கே வந்துவிட்டேனோ என்று பயந்துபோனேன். பச்சைத் தோல் வந்து இறங்கினால் அங்கேயும் முதல் காரியம் உப்புப் போடுவதுதான். தண்ணீரை இழுத்துவிடும்.

மாப்பிள்ளை: அதே கதைதான் மாமா! முதலில் நீர் வெளியே வரும். அப்புறம் அந்த உப்புநீரைக் கறியே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாங்கிக்கொள்ளும். மேலே காய்ந்துவிடும். ஈரம் இருந்தால் அவியுமே தவிர, சிவந்து முறுகாது.

மாமா: சரி, அடுப்பில் பாதிதான் கரி இருக்கிறது. பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி வரட்டுமா?

மாப்பிள்ளை: ஐயோ, வேண்டாம்! வேண்டுமென்றேதான் ஒரு பக்கமாக ஒதுக்கியிருக்கிறேன். துண்டு ஒன்றரை அங்குலக் கனம். கரி இல்லாத பக்கம் மூடிபோட்டு மெதுவாக வேகவிட்டு, கடைசியில் தணல்மேல் காட்டி எடுக்கணும். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினாலும் இந்தப் பக்கம் தள்ளிக்கொள்ளலாம். இல்லையென்றால் கறி கரியாகிவிடும்.

மாமா: எத்தனை விசில்?

மாப்பிள்ளை: விசில் இல்லை மாமா. இந்த ஊசியைக் குத்தினால் உள்சூடு தெரியும். 130 டிகிரி வந்தால் எடுத்துவிடலாம்.

மாமா: 130-ஆ!

மாப்பிள்ளை: ஃபாரன்ஹீட். நம் கணக்கில் 54.

மாமா: மே மாதம் வேலூரில் 43 அடிக்கும். மிச்சம் 11 டிகிரிக்கா இத்தனை கரி? மொட்டை மாடியில் வடகத்தோடு காயப்போட்டிருக்கலாமே.

மாப்பிள்ளை: இந்த ஊர் அரசாங்கம் 145 வரை போகச் சொல்கிறது. எடுத்தபின் 3 நிமிடம் ஆறவும் விடணுமாம்.

மாமா: அரசாங்கம் சொல்வதைக் கேட்காதவருக்கா என் பெண்ணைக் கொடுத்தேன்? (எட்டிப் பார்த்து) மாப்பிள்ளை, ரத்தம்!

மாப்பிள்ளை: ரத்தம் இல்லை மாமா. தசையில் இருக்கிற மயோகுளோபின் என்ற புரதம். அதுதான் சாற்றைச் சிவப்பாக்குகிறது.

மாமா: பெயர் வைத்துவிட்டால் வெந்துவிடுமா? பிரியாணியில் மாட்டுக்கறி சாப்பிட்டே வளர்ந்தவன் நான். என் துண்டை நன்றாக வேகவிடுங்கள்.

மாப்பிள்ளை: நன்றாக என்றால்?

மாமா: சிவப்பு என்ற பேச்சே இருக்கக் கூடாது.

(மாப்பிள்ளை பெருமூச்சு விடுகிறார். மாமாவின் துண்டு 170-ஐத் தாண்டுகிறது. இரண்டும் பலகைக்கு வருகின்றன. மாமா கத்தியை எடுக்கிறார்.)

மாப்பிள்ளை: தொடாதீர்கள்! பத்து நிமிடம் ஓய்வு. உடனே வெட்டினால் சாறு பலகையில் ஓடிவிடும்.

மாமா: யாருக்கு ஓய்வு? கறிக்கா? நான் ஓய்வுபெற்ற அன்று மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், அப்புறம் ஆறு மணிவரை வேலையும் வாங்கினார்கள். இந்தக் கறிக்கு வந்த யோகத்தைப் பாருங்கள்!

(பத்து நிமிடம். மாப்பிள்ளை நாருக்குக் குறுக்கே துண்டு போடுகிறார். மாமா ஒரு வாய் போட்டுக்கொண்டு மெல்கிறார். மென்றுகொண்டே இருக்கிறார்.)

மாப்பிள்ளை: எப்படி மாமா?

மாமா: பேச்சுக் கொடுக்காதீர்கள். வேலையில் இருக்கிறேன்.

(இன்னும் கொஞ்ச நேரம் கழித்து.)

மாமா: பதம் தெரிந்துவிட்டது. ஷூவுக்கு அடிப்பாகமாகப் போகும். மேல்தோலுக்கு ஆகாது, வளையவில்லை.

மாப்பிள்ளை: நீங்கள் கேட்டபடிதானே மாமா...

மாமா: கேட்டேன், கேட்டேன். அந்த மயோ என்னமோ சொன்னீர்களே, அதில் ஒரு துண்டு கொடுங்கள்.

(சாப்பிடுகிறார். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்று எடுக்கிறார். மூன்றாவதையும்.)

மாமா: சுத்தமாக வேகவில்லை மாப்பிள்ளை. அந்த ஓரத்துத் துண்டையும் இப்படித் தள்ளுங்கள்.

மாப்பிள்ளை: அது என் தட்டு மாமா.

மாமா: தெரியும். நீங்கள் இதைச் சாப்பிடுங்கள். உங்களுக்குப் பல் இருக்கிறது.